ஒரு வாளி கிளிஞ்சல்

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. ஆள் என்னவோ வகுப்பிலேயே குள்ளம். 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜப் பெயரை ஆசிரியர்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் காதும் மூக்கும் ஒன்றாகவே சிவந்தன.

பள்ளி விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவந்த ஆறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. வேலியில் ஒரு பலகை: 'அனுமதி இன்றி உள்ளே வரக் கூடாது.'

"இது நம்ம மைதானம்தானே?" என்றான் ஒட்டடைக்குச்சி. ஆறு பேரில் அவன்தான் உயரம். அவனுக்கே எட்டாத உயரத்தில் இருந்தது வேலி.

நம்ம மைதானம் என்று அவன் சும்மா சொல்லவில்லை. கோடை விடுமுறை முழுக்க வெயிலில் காய்ந்து அவர்கள் உண்டாக்கியது அது. கடற்கரைக் கால்பந்தை வெறுங்காலில்தான் ஆட வேண்டும். மணலில் உடைந்த கிளிஞ்சல் ஒன்றே ஒன்று கிடந்தாலும் போதும், பாதம் கிழிந்துவிடும். அதனால் ஒட்டடைக்குச்சியின் அப்பாவிடம் கெஞ்சி ஒரு பெரிய சல்லடை வாங்கி வந்தார்கள். அவர் கொத்தனார், கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடை அது. அதைச் சாய்வாக நிறுத்தி, மண்வெட்டியால் மணலை அள்ளி வீச வேண்டும். நல்ல மணல் பின்பக்கம் விழும். கல்லும் கிளிஞ்சலும் சறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்து விழும்.

அப்படியே மைதானம் முழுவதையும் ஒரு சாண் ஆழத்துக்குச் சலித்தார்கள். கோல் பக்கம் மட்டும் ஒரு முழம். சேர்ந்த கிளிஞ்சல் பதினொரு பெயிண்ட் வாளி! அவற்றை மூடி போட்டு, ஒட்டடைக்குச்சி வீட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

வேலிக்கு உள்ளே பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கழுத்தில் போட்டி அமைப்புக் குழுவின் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், இது நாங்க விளையாடுற இடம்" என்றாள் கடுகு.

"இனிமே ரெண்டு வாரத்துக்கு இது பயிற்சி மைதானம். ஆறு நாட்டுப் பெண்கள் அணி வருது. சர்வதேசப் போட்டி! நீங்க போய் வேற எங்கயாவது விளையாடுங்க. கடற்கரை எவ்வளவு பெருசா கிடக்கு!"

"ஆனா இந்த மணலை நாங்கதான் சலிச்சோம்!"

பச்சைச் சட்டைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மணலைச் சலிச்சாங்களாம்! கடலையும் நீங்கதான் வடிகட்டினீங்களா?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டு அணியின் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் மணலைக் கையில் அள்ளிப் பார்த்து வியந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "எங்க குழு ராப்பகலா பாடுபட்டுச் சலிச்சது!" என்று அவர் சொல்ல, கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை அவர்கள் மொழியில் சொன்னார்.

கடுகுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டுக்குப் போனால் சித்தி வந்திருந்தாள். சித்தி தேசிய அணியின் கோல்கீப்பர். ஒரு மாதமாக அணியோடு முகாமில் தங்கியிருந்தவள், எல்லோரையும் பார்த்துவிட்டுப் போக ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். எப்போது வந்தாலும் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். கடுகு அந்தப் பாதங்களை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். எந்தத் தழும்பு எந்த நாட்டில் வாங்கியது என்று அவளுக்கு அத்துப்படி. பார்த்து முடித்து, "புதுசு ஒண்ணும் இல்ல" என்றோ, "புதுசா ரெண்டு" என்றோ சொல்லி, காயம் இருந்தால் களிம்பு தடவுவாள். சித்திக்கு அதன் பிறகுதான் சாப்பாடே இறங்கும்.

இன்றைக்கும் சித்தி காலை நீட்டினாள். கடுகு பார்க்கவில்லை. நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

சித்தி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "ரெண்டு வாரம்தானேடா? கொஞ்சம் பொறுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டம். இப்ப போய் யார்கிட்ட சண்டை போட?"

"அப்ப நீயும் அவங்க கட்சிதானா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல. எனக்குத் தூக்கம் வருது. காலைப் பாரு."

"நீயே பார்த்துக்கோ!" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள் கடுகு.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடுகு கொட்டகையிலிருந்து ஒரு வாளியை எடுத்தாள். விளிம்பு வரை கிளிஞ்சல். மூடியோடு அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வேலி வாசலுக்குப் போனாள்.

"என்னம்மா, மணலுக்குத் தண்ணி தெளிக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார் காவலாளி. வெயிலில் மணல் சுடாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். கோல்கீப்பரின் அக்கா மகள் என்று அவருக்கு இவளைத் தெரியும்.

கடுகு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வடக்குப் பக்கத்துக் கோலுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்தாள். செருப்புக் காலால் கிளிஞ்சலை மிதித்து மிதித்து மணலுக்குள் தள்ளினாள். மேலே கையால் சமப்படுத்தினாள். 'நீங்க சலிச்ச மணல்தானே? இப்ப விளையாடுங்க பார்ப்போம்!' என்று நினைத்துக்கொண்டாள். வேலை கச்சிதமாக முடிந்தது.

நான்கு மணிக்கு நம் அணியும் அந்த வெளிநாட்டு அணியும் வந்தன. சின்னதாக ஒரு பயிற்சி ஆட்டம். ஆறு பேரும் வேலிக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தார்கள். வாளி விஷயம் மற்ற ஐந்து பேருக்குத் தெரியாது.

வெளிநாட்டு அணி வடக்குக் கோலுக்குப் போனது. அவர்களுடைய பேருந்து நிற்பது அந்தப் பக்கம்தான். கடுகு எதிர்பார்த்ததும் அதைத்தான். அவர்களுடைய கோல்கீப்பர் பனைமரம் மாதிரி நெட்டை. நேராகக் கோலுக்குப் போகாமல் வேலி ஓரமாக, கடுகுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். இடது பெருவிரலில் இருந்த பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு நீளத் தழும்பு. நடுப்பாதத்தில் சின்னச் சின்னதாக நாலைந்து. பையிலிருந்து களிம்பை எடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடவினாள். பார்க்க ஆள் இல்லாததால் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டாள்.

கடுகு வேலி வாசல் பக்கம் நகர்ந்தாள்.

நெட்டை எழுந்து கோலை நோக்கி நடந்தாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

"நிறுத்துங்க!"

கடுகு காவலாளியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினாள். பின்னாலேயே அவர் ஓடிவந்தார். அவள் கோலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க கால் வைக்காதீங்க! உள்ள கிளிஞ்சல் இருக்கு. நான்தான் போட்டேன்!"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் நெட்டை தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள்.

எதிர்க் கோலில் இருந்து சித்தி வந்தாள். குனிந்து மணலுக்குள் கையை விட்டாள். கத்தி மாதிரி உடைந்த கிளிஞ்சல் ஒன்று வந்தது.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" சித்தியின் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது. "இதுல கால் கிழிஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது? உனக்கா தெரியாது?"

கடுகுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பச்சைச் சட்டைக்காரர் குதித்தார். "இந்தப் பிள்ளைங்களை இந்தப் பக்கமே விடக் கூடாது! எங்க குழு பாடுபட்டுச் சலிச்ச மணலை இப்படி நாசம் பண்ணிட்டாளே!"

"நீங்களா சலிச்சீங்க?" கடுகு திரும்பினாள். "அப்ப இப்பவும் சலிங்க!"

நம் அணியின் பயிற்சியாளர் கண்டிப்பான அம்மா. சிரிப்பதே அபூர்வம். "அதுவும் சரிதான். உங்க சல்லடை எங்க இருக்கு? எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

பச்சைச் சட்டைக்காரர் மென்று விழுங்கினார். "சல்லடை வந்து... சொல்லி அனுப்பணும். திங்கட்கிழமை வாக்குல..."

"ஆட்டம் நாளைக்கு! பயிற்சி இன்னிக்கே முடியணும்" என்றார் பயிற்சியாளர்.

"ஒட்டடைக்குச்சி! சல்லடை!" என்று கத்தினாள் கடுகு.

ஐந்து பேரும் கொட்டகைக்குப் பறந்தார்கள். சல்லடை வந்தது. மண்வெட்டிகளும் அந்தக் காலி வாளியும் வந்தன. யார் அள்ளுவது, யார் பிடிப்பது, யார் பொறுக்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்தி மணலைத் தோண்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நெட்டையும் ஒரு மண்வெட்டியை எடுத்தாள். சல்லடையை அவள் நெட்டுக்குத்தாக நிறுத்த, கடுகு தலையை ஆட்டி, அதைச் சாய்த்துக் காட்டினாள்.

"அடிப் பாவி!" என்றாள் சோடாபுட்டி திடீரென்று. ஆறு பேரில் அவள்தான் விளையாட்டு விதிகளைக் கரைத்துக் குடித்தவள். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டாள். "ரெண்டாவது பகுதியில பக்கம் மாத்துவாங்களே! உங்க சித்தியில்ல இந்தக் கோலுக்கு வந்திருப்பாங்க!"

கடுகின் கை அப்படியே நின்றது. கோபத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

சித்தி நிமிர்ந்தாள். "அதுக்குத்தான் ஓடி வந்தியா? நான் வருவேன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல சித்தி. அது இப்ப இவ சொல்லித்தான் தெரியும். அவங்க காலைப் பார்த்தேன்... அதான் ஓடி வந்தேன்."

சித்தி மறுபடியும் தோண்ட ஆரம்பித்தாள். ஆனால் முகத்தில் பழைய கடுகடுப்பு இல்லை.

அரை மணி நேரம் ஆனது. "போதும்னு நினைக்கிறேன்" என்றார் பயிற்சியாளர்.

"போதாது." கடுகு வாளியைக் காட்டினாள். "கொட்டும்போது விளிம்பு வரைக்கும் இருந்தது. இன்னும் ஒரு கைப்பிடி குறையுது."

மறுபடியும் அள்ளினார்கள். மறுபடியும் சலித்தார்கள். அந்த ஒரு கைப்பிடிக்கு இன்னொரு கால் மணி நேரம் ஆனது. வாளி விளிம்பைத் தொட்ட பிறகுதான் கடுகு செருப்பைக் கழற்றினாள். கோலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குதித்தாள். விழுந்து புரண்டாள். எழுந்து வந்து நெட்டையின் முன்னால் நின்றாள்.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

நெட்டை அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடுகு அடுத்து பச்சைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பினாள். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "நான் மன்னிப்புக் கேட்டாச்சு. ஆனா கோபம் போகல. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்களே சந்தோஷமா விட்டிருப்போம். நீங்க கேக்கவே இல்ல. நாங்க சலிச்சதை நீங்க சலிச்சதா வேற சொன்னீங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இந்தத் தடவை காது சிவந்தது அவருக்கு.

"சரிம்மா... கேட்டிருக்கணும்."

"இப்பவும் கேக்கலாம்" என்றாள் கடுகு.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு வாரத்துக்கு... உங்க மைதானத்தைத் தருவீங்களா?"

ஆறு தலைகளும் கூடிக் குசுகுசுவென்று பேசின. ஒட்டடைக்குச்சி முடிவை அறிவித்தான். "தரோம். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு மட்டும் எங்களுக்கு. அப்புறம், மணலை யார் சலிச்சாங்கன்னு நாளைக்கு மைக்குல சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கிற பெரிய மைதானத்தில் ஒரே கூட்டம். பச்சைச் சட்டைக்காரர் மைக்கைப் பிடித்து, "பயிற்சி மைதானத்துக்கு, ஊர்ச் சிறுவர்கள் சிலரும், ஓரளவு உதவி செய்தார்கள்" என்றார்.

"ஓரளவா?" கடுகின் மூக்கு சிவந்தது. ஒட்டடைக்குச்சி அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

நெட்டையின் அணியோடு நடந்த ஆட்டத்தில் அனல் பறந்தது. கடைசி நிமிடத்தில் நம் அணி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. நெட்டை அப்படித் தாவித் தாவிப் பிடித்தாள். கடுகுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

எல்லாம் முடிந்ததும் சித்தி நேராக முதல் வரிசைக்கு வந்தாள். கடுகுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

பின்னாலேயே வந்த நெட்டை, என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவளும் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நீட்டினாள்.

கடுகு தடுப்புக்கு அடியில் நுழைந்து மணலில் மண்டி போட்டாள். ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு நாலு பாதங்களையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். சித்தியின் பழைய தழும்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நெட்டையின் குதிகால் தழும்பு, பெருவிரல் காயம், நடுப்பாதத்துக் கீறல்கள் நாலைந்தும் நேற்றுப் பார்த்தவைதான்.

"புதுசு ஒண்ணும் இல்ல" என்றாள் கடுகு.