வெறும் பொட்டல்

"அங்க எந்தக் காலத்துலயும் ஊர் இருந்ததில்ல, வெறும் பொட்டல்." ஊருக்கு வெளியே, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலிருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டதற்குக் காலையில் டீக்கடைக்காரர் இப்படிச் சொன்னபோது அவள் நம்பினாள். தபால்காரரும் அதையே சொன்னபோது சிரித்தாள். மதியம் சாப்பாட்டு மேசையில் அக்கா கணவரும் ஒரு சொல் மாறாமல், அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னபோதுதான் கவளம் கையிலேயே நின்றது.

மறைந்துபோன ஊர்களின் பெயர்களைத் திரட்டுவது அவள் வேலை. ஆளில்லாத ஊருக்கும் யாராவது ஒருவர் வாயில் பெயர் மிச்சமிருக்கும். இதற்கு மட்டும் எல்லா வாய்க்கும் பூட்டு.

"ஊரே இல்லன்னா அங்க எதுக்கு மாமா பஸ் ஸ்டாப்?"

அவர் தண்ணீர் குடித்தார். அக்கா அவசரமாகத் தட்டுகளை அடுக்கினாள். "விடுடி. எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியா?"

மாமா மனைத் தரகர். ஊர் இருந்தது என்றால் உரிமை கேட்டு ஆள் வரும். இல்லை என்றால் கல் நட்டு விற்கலாம். சொந்த அக்கா வீட்டிலேயே தன்னை ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அவளுக்குள் புளித்துப் பொங்கியது. அவர்கள் கண் அசந்ததும் அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் அவள் சாலையை விட்டு இறங்கி நடந்தாள். முட்செடிகளுக்கு நடுவே முழங்கால் உயரச் சுவர்கள் வரிசை பிடித்து நின்றன. தேய்ந்த வாசற்படிகளும், அடுப்பிருந்த மூலைகளில் கறுத்த கற்களும், அப்போதுதான் நீர் தெளித்தது போன்ற ஈரமண் வாசனையுமாக, குடியிருப்பவர்கள் சற்று வெளியே போயிருப்பதைப் போலக் கிடந்தது அந்த இடம். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. காற்று அடித்தது, செடிகள் அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை.

தரையெல்லாம் பெருக்கியிருந்தது. ஒரு சருகுகூட இல்லை.

'மாமா ஆள் வைத்துச் சுத்தம் செய்கிறார், விற்கத்தான்' என்று நினைத்துக்கொண்டாள்.

சாலையில் கார் வந்து நின்றது. மாமா இறங்கி ஓடி வந்தார். தார் முடியும் விளிம்பில், சுவரில் மோதியவர்போல் நின்றுவிட்டார்.

"வந்துடும்மா! யார் கேட்டாலும் பதில் பேசாத!"

"நீங்களே உள்ள வந்து சொல்லுங்களேன்!"

அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். நடிக்கிறார் என்று நினைத்தாள்.

அப்போது பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து, தூக்கம் கலைந்த ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"யாரு வந்திருக்கிறது?"

ஆள் இருக்கிறார்கள்! மாமா அங்கிருந்து இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றார். அவரைப் பார்த்துக்கொண்டே, அவர் காதில் விழட்டும் என்று, அவள் உரக்கச் சொன்னாள்:

"நான்தாம்மா. உங்க ஊர்ப் பேரைக் கேட்டுட்டுப் போக வந்தேன்."

மாமாவின் கைகள் தொய்ந்து விழுந்தன.

"உங்க ஊரா? நம்ம ஊருன்னு சொல்லு."

சுவர் முழங்கால் உயரம்தான். அதற்குப் பின்னால் தலை தெரியாமல் யாரும் நிற்க முடியாது. உட்காரவும் முடியாது.

ஓட நினைத்தாள். கால் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. சுவரை நோக்கி.

எட்டிப் பார்த்தாள்.

தரை மூச்சு விட்டது. மெல்லிய புழுதிக்கு அடியில் நெற்றிகள். மூக்குகள். மண் அடைந்த வாய்கள். அப்பா, பிள்ளைகள், கடைசியில் அம்மா. ஒரு குடும்பம் வரிசையாகப் படுத்திருந்தது. அடுத்த சுவருக்குள்ளும். அதற்கடுத்ததிலும். கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சாலையில் கார் கிளம்பிப் போகும் சத்தம்.

அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம், வழித்துத் துடைத்த சுத்தத்துடன். புழுதிக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து, பிள்ளையைத் தூங்கக் கூப்பிடுவதுபோல அந்த இடத்தை மெல்லத் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.