பெயரில்லாத ஏழாவது குறுந்தகடு

ஞாயிறு, செப்டம்பர் 14. காலை மணி 10.15.

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள தேவாலய மண்டபத்தில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடுவதற்காகப் பழைய ஒலிப்பெட்டியின் பொத்தானை அழுத்தினார் மதலேனா. பாட்டு வரவில்லை. கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது.

"தமிழ் கேட்டல் போட்டி. உயர்நிலைப் பிரிவு. முதல் வினா..."

மதலேனா உடனே நிறுத்தினார். அந்தக் குரல் முத்தமிழ்ச் சுடர் மன்றத்தின் தலைவர் ரகுபதியுடையது. போட்டி வரும் சனிக்கிழமை. அதுவரை அந்த வினாக்களை எந்த மாணவரும் கேட்டிருக்கக் கூடாது.

ஒலிப்பெட்டிக்குள் இருந்த குறுந்தகட்டின் மேல் எதுவும் எழுதப்படவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளுறை. அதன் மூலையில் சின்னதாக ஓர் அட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. துண்டின் மேல் எழும்பி நின்ற புள்ளிகள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து.

மதலேனாவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகள் காவல்துறையில் புலனாய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டையும் கைக்குட்டையால் எடுத்து ஒரு நெகிழிப் பையில் போட்டார். ரகுபதியைத் தொலைபேசியில் அழைத்து, கிடைத்ததைச் சொன்னார். அன்று பிள்ளைகள் பக்கவாத்தியம் இல்லாமலே பாடினார்கள்.

திங்கள். மாலை மணி 4.00.

மன்றத்தின் அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ரகுபதி. ரகுபதி மாலை வாங்குகிறார், ரகுபதி மாலை போடுகிறார், ரகுபதி குத்துவிளக்கு ஏற்றுகிறார். சென்ற ஆண்டு போட்டியின் ஒலிக்கோப்பு வாட்ஸ்அப்பில் கசிந்து மானம் போனது. அதற்கு ரகுபதி கண்ட தீர்வு, இருபது ஆண்டுகள் பின்னால் போவது. இனி எல்லாம் குறுந்தகடு. ஆறு தேர்வு மையங்கள், ஆறு தகடுகள், அரக்கு முத்திரை. அலுவலகத்தில் குறுந்தகடு எழுதும் கருவியுள்ள கணினி ஒன்றுதான் இருந்தது. அதில் வேலை செய்தவர் சுவிசேஷமுத்து. அவருக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகளாக மன்றத்தின் ஒலிப்பதிவுகளைக் கவனித்து வந்தார்.

"ரொம்ப சிம்பிள் கேஸ் லா, அம்மா," என்றார் ரகுபதி. "ஆறு சிடி என் அலமாரியில பத்திரமா இருக்கு. இது ஏழாவது. பர்ன் பண்றது யாரு? முத்து. அந்த மண்டபத்துல சனிக்கிழமை எட்டுப் பிள்ளைங்க போட்டிக்குப் பயிற்சி எடுக்குறாங்க. அதுல பெதானி யாரு? முத்துவோட தங்கச்சி மக."

"மற்ற ஏழு பேர்?"

"என் பையன் எய்டனும் அதுல ஒருத்தன், மேடம். நான் மறைக்கல," என்று எழுந்து வந்தார் ஒருவர். மன்றச் செயலாளர் லியோனல். வெளுத்த சட்டை, வெளுத்த பல். சட்டைப் பையிலிருந்து முகவரி அட்டை ஒன்றை எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். "இன்னைக்குத்தான் மேடம் பெட்டியப் பிரிச்சேன். உங்களுக்குத்தான் முதல் கார்டு. பின்னாடி தொட்டுப் பாருங்க, பிரெய்ல். எங்க கம்பெனியில எல்லாரையும் அரவணைக்கணும்னு ஒரு கொள்கை."

மதலேனா தொட்டுப் பார்த்தார். அரவணைப்பு சொரசொரவென்றிருந்தது. அட்டையைக் கைப்பைக்குள் போட்டார்.

"நான் இருபது வருஷமா ஐடியில இருக்கேன். ரெண்டே நிமிஷத்துல புரூவ் பண்றேன்." லியோனல் முத்துவின் கணினிக்குப் போனார். அணைந்தே கிடக்கும் திரையை எரியவிட்டார். கணினி ஏதோ பேசத் தொடங்கியது. "இந்தச் சனியன் வாய மூடாது," என்று சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மேசைக்கு அடியில் இருந்த ஒலிபெருக்கியின் குமிழைத் திருகி அடக்கினார். மதலேனா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தகட்டைச் செருகினார். "பாருங்க. டிஸ்க் பேரு, செப் 12 2025. வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தான் முத்து ஆறு சிடியும் பர்ன் பண்ணார். உறையில பிரெய்ல். இந்த ஆஃபீஸ்ல புள்ளி தடவிப் படிக்கிற ஆளு வேற யாரு?"

"முத்து என்ன சொன்னார்?"

ரகுபதியும் லியோனலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர்கிட்ட கேக்கல," என்றார் ரகுபதி. "வேலையிலிருந்து நிறுத்தி வச்சிருக்கோம். லெட்டர் குடுத்தாச்சு. நாளைக்கு ஏழு மணிக்குக் கமிட்டி கூடி முடிவு எடுக்கும். பெதானியையும் போட்டியிலேர்ந்து நீக்கியாகணும்."

"லெட்டர்னா?"

"லெட்டர்ஹெட்ல, அம்மா. பிரிண்ட் பண்ணி, கையெழுத்துப் போட்டு."

பார்வையில்லாத மனிதருக்குத் தாளில் அச்சடித்த கடிதம். மதலேனா மூன்று நொடி ரகுபதியின் முகத்தைப் பார்த்தார். அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

வெளியே வரவேற்பு மேசையில் அஃப்னா இருந்தாள். அலுவலகத்தின் ஒரே முழுநேர ஊழியர்.

"வெள்ளிக்கிழமை சிடி எழுதினப்ப நீ இருந்தியா?"

"காலையில இருந்தேன் ஆன்ட்டி. அங்கிள் ஒவ்வொண்ணா பர்ன் பண்ணி, திரும்பப் போட்டுப் பாப்பார். கம்ப்யூட்டர் சொல்றத நான் உறையில எழுதுவேன். பன்னெண்டரைக்கு முடிஞ்சிடுச்சு. அப்புறம் நானும் பிரசிடென்ட்டும் பேனர் எடுக்கப் போயிட்டோம். பேனர்ல தன் போட்டோ சின்னதா இருக்குன்னு கடையில அவர் ஒரே சண்டை. வர்றப்ப மூணு மணி."

"பிரசிடென்ட்டுக்கு சிடி எழுதத் தெரியுமா?"

அஃப்னா சிரிப்பை அடக்கினாள். "அவருக்கு வர்ற இமெயில நான் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும், ஆன்ட்டி."

"மாடிச் சாவி யார்கிட்டெல்லாம் இருக்கு?"

"நாலு பேர்கிட்ட. நான், அங்கிள், பிரசிடென்ட், லியோனல் சார்."

திங்கள். மாலை மணி 6.20. பூன் லே.

சுவிசேஷமுத்து தங்கையின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது. ஜூரோங் கப்பல் பட்டறையில் வரைபடக் கலைஞராக இருந்தவர். நாற்பத்தொரு வயதில் சர்க்கரை நோய் இரு கண்களையும் கொண்டுபோய்விட்டது. பிரிக்காத கடிதம் மேசையில் கிடந்தது.

"பெதானி படிக்கிறேன்னா அக்கா. வேணாம்னுட்டேன். அவளையும் திருடின்னு எழுதியிருப்பாங்க. அத அவ வாயாலயே படிக்கணுமா?"

மதலேனா பையைத் திறந்து தாளுறையை அவர் கையில் வைத்தார். "தடவிப் பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

அவர் இரண்டு பக்கமும் தடவினார். "உறை. வேற ஏதாச்சும் ஒட்டியிருக்கா?"

"புள்ளி தெரியலையா?"

"கண்ணு போனப்பவே விரல் நுனியும் மரத்துப்போச்சு அக்கா. சுடு டீ கிளாஸப் பிடிச்சாக்கூட லேட்டாத்தான் தெரியும். பிரெய்ல் வகுப்புக்கு ரெண்டு மாசம் போனேன். டீச்சரே போதும்னு அனுப்பிட்டாங்க. எனக்குக் காதுதான்."

"அப்போ ஒரு சிடியிலேர்ந்து இன்னொரு சிடியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பேரு வச்சு. ஃபைல காப்பி பண்ணி பர்ன் குடுத்தா ஒரு பெட்டி தொறக்கும். டிஸ்குக்கு என்ன பேருன்னு கேக்கும். சும்மா விட்டா கம்ப்யூட்டரே அன்னைக்குத் தேதியப் போட்டுக்கும். நான் அத அழிச்சிட்டு பிடோக், பூன் லேன்னு மையத்தோட பேர டைப் பண்ணுவேன். எழுதி முடிச்சதும் தட்டு வெளிய வரும். திரும்ப உள்ள தள்ளினா கம்ப்யூட்டர் பேரச் சொல்லும். பேரு வைக்கலன்னா ஆறும் எனக்கு ஒரே தட்டுதான்."

"வெள்ளிக்கிழமை வேற ஏதாவது வித்தியாசம்?"

முத்து யோசித்தார். "ஒரு மணிக்குத் தேக்கா மார்க்கெட்டுல தோசை சாப்பிடப் போனேன். ரெண்டு மணிக்கு வந்தா மெஷின் ஊமை. பதறிட்டேன். அப்புறம் பாத்தா, அடியில இருக்கிற குமிழ யாரோ திருகிக் குறைச்சிருக்காங்க. கிளீனர் துணி பட்டிருக்கும்னு நெனச்சேன்." மேசையில் கிடந்த கடிதத்தை ஓரமாகத் தள்ளினார். "அந்த வேலை போனா இந்த வயசுல என்ன எவன்க்கா எடுப்பான்?"

செவ்வாய். காலை மணி 11.10. பிடோக்.

ஒரு ஹோட்டலில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்க்கும் அமலா பிறவியிலேயே பார்வையற்றவர். ஐந்து வயதிலிருந்து பிரெய்ல் படிப்பவர். உறையின் மூலையில் அவர் ஆள்காட்டி விரல் ஒருமுறை ஓடி, திரும்ப ஓடியது.

"இடது பக்கம் வெட்டியிருக்காங்க, மதலேனா. பிரெய்ல்ல எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே புள்ளிதான். வார்த்தையா எடுத்தா ஒண்ணும் வரல. எண்ணா எடுத்தா நாலு, நாலு, ஏழு, ஒண்ணு." சிரித்தார். "சிடி மேல எவனாவது இப்படி எழுதுவானா? இத ஒட்டினவனுக்குப் புள்ளின்னா எல்லாம் ஒண்ணுதான்."

மதலேனா கைப்பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துப் பார்த்தார். பிறகு அமலாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். பிள்ளைகள் எவரையும் அவர் விசாரிக்கவில்லை. இந்த வழக்கில் பொய் சொல்லப் பெரியவர்களே போதுமான அளவுக்கு இருந்தார்கள்.

செவ்வாய். மாலை மணி 7.00.

கமிட்டி என்பது ரகுபதியும் லியோனலும்தான். அஃப்னா குறிப்பெடுத்தாள். மதலேனா முத்துவைக் கூட்டிவந்து அவருடைய கணினியின் முன் உட்காரவைத்தார்.

"இவர் எதுக்கு வந்திருக்காரு?" என்றார் லியோனல். "கண்ணு தெரியாத ஆளுன்னு பரிதாபப்பட்டு ஸ்கிரீன் ரீடர் அது இதுன்னு குடுத்தோம். கடைசியில..."

"அஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு இருங்க, மிஸ்டர் லியோனல்," என்றார் மதலேனா. "தலைவரே, உங்க ஆறு சிடியையும் எடுங்க. கேள்வி ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனிமே அரக்கு எதுக்கு?"

முத்திரைகள் உடைந்தன. முத்து முதல் தகட்டை உள்ளே தள்ளினார். கணினி மற்றவர்களுக்குப் பிடிபடாத வேகத்தில் பேசியது.

"பிடோக்," என்றார் முத்து.

அடுத்தது பூன் லே. அடுத்தது சுவா சூ காங். ஆறு தகடுகளும் ஆறு ஊர்ப் பெயர்களைச் சொல்லின. ஏழாவதைத் தள்ளியபோது கணினி சொன்னதை முத்து அப்படியே திருப்பிச் சொன்னார்: "செப்டம்பர் பன்னெண்டு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு."

"அதான் நானும் சொன்னேன், வெள்ளிக்கிழமை," என்றார் லியோனல்.

"நீங்க காட்டினது தேதி. நான் கேக்குறது பேரு," என்றார் மதலேனா. "பேரு வைக்காத சிடி முத்துவுக்கு வெறும் தட்டு. அவர் தேதிய அழிக்காம விடவே மாட்டார். கண்ணு தெரிஞ்சவனுக்கு அந்தக் கவலை இல்ல. கேக்குறதுக்கு 'ஓகே' குடுத்துட்டுப் போயிடுவான். அஃப்னாவுக்கு இந்தப் பழக்கம் தெரியும், தினம் பக்கத்துல உக்காந்து எழுதுறா. முத்து தலையில பழியப் போட நெனச்சா அவ பேரு வச்சிருப்பா. பிரெய்லும் ஒட்டியிருக்க மாட்டா, அவருக்கு விரல் மரத்தது அவளுக்குத் தெரியும். அதோட ஒரு மணிக்கு அவளும் தலைவரும் பேனர் கடையில."

"எனக்கு பர்ன் பண்ணவே தெரியாதே," என்றார் ரகுபதி அவசரமாக. வாழ்நாளில் முதன்முறையாகத் தன் அறியாமையை அவர் பெருமையோடு சொன்னார்.

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். மிச்சம் இருக்கிறது ஒரு சாவி. பதினோரு வருஷமா முத்து எப்படி வேலை செய்யறார்னு ஒரு தடவைகூட நின்னு பாக்காத ஆளோட சாவி. பேசுற மெஷின அடக்கத் தெரியும், குமிழ் எங்கன்னு பாக்காமலே திருகுவார். கண்ணு தெரியாதவன்னா புள்ளி தடவுவான், அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்சது. மாட்டிக்கிட்டா முத்து மேல விழட்டும்னு புள்ளிய ஒட்டி, மகன்கிட்ட சிடியக் குடுத்தார். அவன் ஒலிப்பெட்டியிலேயே மறந்துட்டுப் போயிட்டான்."

"நான்சென்ஸ்! ஆதாரம் எங்க?"

மதலேனா முகவரி அட்டையை மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் தாளுறை. "இந்தத் துண்டுல நாலு நாலு ஏழு ஒண்ணுன்னு இருக்கு. உங்க போன் நம்பரோட கடைசி நாலு எண்ணப் படிங்க."

லியோனல் படிக்கவில்லை. அஃப்னா அட்டையை எட்டிப் பார்த்து மெல்லப் படித்தாள்: "நாலு, நாலு, ஏழு, ஒண்ணு."

"உங்க கார்டுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கே தெரியாது. யாரையோ அரவணைக்கிறீங்கன்னு மட்டும் தெரியும்."

"யாராவது... என் கார்ட வெட்டி ஒட்டியிருக்கலாமே?"

"ஞாயித்துக்கிழமை காலையில இந்த உறை என் கையில. திங்கக்கிழமை சாயங்காலம், இன்னைக்குத்தான் பெட்டியப் பிரிச்சேன், உங்களுக்குத்தான் முதல் கார்டுன்னு சொன்னீங்க. தலைவரும் கேட்டார். அதுக்கு முன்னாடி இந்தக் கார்டு உங்க ஒருத்தர்கிட்டதான் இருந்திருக்க முடியும். முதல் கார்டு எனக்கு இல்ல, மிஸ்டர் லியோனல். முத்துவுக்கு."

லியோனல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து படியிறங்கினார். வெளுத்த சட்டை அவர் முதுகில் ஒட்டியிருந்தது.

ரகுபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "முத்து, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க லா. பெதானியும் போட்டியில இருக்கட்டும். ஆனா புதுக் கேள்வி, புது சிடி, சனிக்கிழமைக்குள்ள ஆறும் வேணும். நாளைக்கே வந்துடுங்க. வருத்தம் தெரிவிச்சு நல்லபடியா ஒரு லெட்டர் பிரிண்ட் பண்ணி..."

"வேணாம்," என்றார் முத்து. எழுந்து, தன் நாற்காலியைத் தடவி ரகுபதியின் பக்கம் திருப்பினார். "இதுல உக்காந்து நீங்களே டைப் பண்ணுங்க. பெதானி பேரையும் சேத்து. திரை வேணாம். கம்ப்யூட்டர் படிக்கும், நான் கேட்டுக்கறேன்."

தலைவர் மதலேனாவைப் பார்த்தார். உதவி அங்கிருந்து வரப்போவதில்லை. அஃப்னாவைப் பார்த்தார். அவள் குறிப்பேட்டை மூடிவிட்டிருந்தாள். வேறு வழியின்றி உட்கார்ந்தார். முத்து குனிந்து மேசைக்கு அடியில் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார். குரலின் வேகத்தை, எல்லோருக்கும் புரியும்படி, பாதிக்கும் கீழே இறக்கினார்.

ரகுபதியின் ஒற்றை விரல் எழுத்தைத் தேடி அலைந்தது.

"எஸ்," என்றது கணினி, மாடி அதிர. "ஓ." நீண்ட இடைவெளி. "ஆர்." பிறகு, "டி."

விரல் தடுமாறிப் பின்னால் போனது. அதையும் கணினி விடவில்லை.

"டி, அழிக்கப்பட்டது," என்று முத்து மொழிபெயர்த்தார். "அவசரமில்ல, தலைவரே. நான் இருக்கேன்."