இரண்டு மார்க் கண்ணாடி

கண்ணையனின் கைலி மடிப்பில் பதினோரு கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. கல்கண்டு அளவு. ஜனவரி ஒன்பது, மாலை 6.45க்கு முத்தாண்டிக்குப்பம் சாலையோரம் அவர் பிணமாகக் கிடந்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் எழில்மதிக்குக் கிடைத்த தடயம் அவ்வளவுதான். மோதிய வண்டியைக் காணவில்லை.

ஆறு வாரம் ஓடிவிட்டது. சில்லுகள் ஐம்பது வருடப் பழைய ஃபியட்டின் முன்கண்ணாடி என்று நேற்றுதான் சொன்னது ஆய்வுக்கூடம். வட்டாரத்தில் அப்படி இரண்டே கார்கள். இரண்டும் இன்று நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில், அசல் பாகங்களுக்கு மார்க் போடும் பழைய கார் போட்டிக்கு வந்து நின்றன. இன்றும் ஆள் சிக்காவிட்டால் வழக்கை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ருக்குமணி, கண்ணையனின் மனைவி, குனிந்தபடியே கேட்டாள்.

"இன்னாங்க மேடம், மூடிடப் போறீங்களாமே?"

"சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்கும்மா."

காலை 10.20. அனல்மின் நிலையப் புகை வானத்தைச் சாம்பலாக்கியிருந்தது.

முதல் கார் ஓய்வுபெற்ற எஞ்சினியர் வைத்திலிங்கத்துடையது. முன்கண்ணாடி பளபளவென்று புதுசு.

"உடைஞ்சுது, மாத்தினேன். நகல்தான். ரெண்டு மார்க் போகும், போகட்டுமே."

"எப்ப உடைஞ்சுது?"

"டிசம்பர்ல. பில்லத் தேடணும்."

கான்ஸ்டபிள் சசிகுமார் காதருகே வந்தார். "இவர்தான் மேடம். இட்டுக்கினு போயிடலாம்."

"இருங்க."

அடுத்த கார் கான்ட்ராக்டர் சுதாகருடையது. நடுவர் பெனடிக்ட் கண்ணாடி மூலையிலிருந்த கம்பெனி முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வைப்பர் தேய்த்ததுபோல் விசிறியாய் விரிந்த கீறல்களை விரலால் தடவினார்.

"சாம்பல் கீறல். அனல்மின் சாம்பல் மேல வைப்பர் ஓடி ஓடி வர்றது. நெய்வேலிப் பழைய கண்ணாடி எல்லாம் இப்படித்தான். ஒரிஜினல்."

"சுத்த ஒரிஜினல் சார்!" விலை கேட்கும் முன்பே தள்ளுபடி சொல்லும் கடைக்காரனைப் போல முந்திக்கொண்டான் சுதாகர். "போன வருஷம் வரைக்கும் சேத்தியாத்தோப்பு ஷெட்டுலதான் நின்னுச்சு. அப்பா புதுசா வாங்கின மாசமே வைப்பர் மோட்டார் அவுட்டு. அதைக்கூட நாங்க தொடல."

பெனடிக்ட் வைப்பரை அசைத்துப் பார்த்தார். துருவில் இறுகியிருந்தது. "இதுக்கு ஒரு மார்க் கட்."

எழில்மதி குறிஞ்சிப்பாடி ஜவுளிக்கடையில் வளர்ந்தவள். கேட்டதற்கு மேல் அளந்து கொடுப்பவனை நம்பமாட்டாள்.

11.05. நடுவரிடம் திரும்பினாள். "சார், நகல் கண்ணாடிக்கு ரெண்டே மார்க்தானே போகும்?"

"ஆமா மேடம்."

"வைத்திலிங்கம் சார் அதைச் சிரிச்சுக்கினே விட்டாரு. ரெண்டு மார்க்குக்காக எவனும் கள்ள முத்திரை பொறிக்க மாட்டான். கண்ணாடி உடையவே இல்லைன்னு காட்ட வேண்டியவன் பொறிப்பான். இல்லையா சுதாகர்?"

சுதாகர் சிரித்தான். "என்ன மேடம் இது? கீறலப் பாருங்க!"

"பாத்தேன். ஓடாத வைப்பர் எப்படிங்க கீறும்? பழைய கண்ணாடின்னா சாம்பல் கீறல் இருக்கணும், அது நெய்வேலிக்காரங்க நினைப்பு. சாம்பலத் தொட்டு நீங்களே தேய்ச்சீங்க. கார் சேத்தியாத்தோப்புல தூங்கினத மறந்துட்டீங்க."

சிரிப்பு நின்றது. அவன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான்.

"மோதினப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"தண்ணி கேட்டாரு மேடம்."

"நீ என்ன பண்ணின?"

"ரோட்டுல கிடந்த கண்ணாடியப் பொறுக்கிக்கினு இருந்தேன்."

ருக்குமணி அருகில் வந்து நின்றிருந்தாள். "எவ்ளோ நேரங்க?"

சுதாகர் தலை நிமிரவில்லை.

"அவர் கேக்கிறத நிறுத்துற வரைக்கும்."