தும்பியில் ஒரே ஒரு சீட்

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு எடுத்தார்.

"சார்... ஒருத்தர் மேலேர்ந்து விழுந்து செத்துட்டார்," என்றார் ஏட்டு.

"எத்தனாவது மாடி?"

"மாடி இல்ல சார். வானம்."

வானத்தில் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று ஆளாளுக்கு ஷெட் போட்டு அலுமினியக் குழாய் வளைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஊருக்கு வெளியே புல் மைதானத்தில் அப்படி ஒன்று நொறுங்கிக் கிடந்தது. துணி இறக்கை. முதுகில் சின்ன இன்ஜின். மூக்கில் ஒரே ஒரு சீட். பெயர் தும்பி.

சீட்டில், பெல்ட் போட்டபடியே செத்திருந்தான் ஓர் ஒல்லி இளைஞன்.

பக்கத்தில் நின்ற கனத்த மனிதர்தான் தும்பியை வடிவமைத்தவர். தெருவே அவரை விஞ்ஞானி என்றது. கேலிக்குச் சொன்னதை மனிதர் பட்டமாக வாங்கிக்கொண்டிருந்தார். செத்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி.

"போயிட்டானே சார்..." கண்ணைத் துடைத்தார். துடைத்த கை காய்வதற்குள், "ஆனா வாலைப் பாருங்க. இவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தும் வளையல. டிசைன் அப்படி," என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு அவரை அப்போதே பிடிக்காமல் போனது.

கேட்காமலேயே கதை வந்தது. தும்பியை வாங்க இன்று ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். விஞ்ஞானியே பறந்து காட்டுவதாக ஏற்பாடாம். அவர் குளிக்கப் போன சமயம் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டானாம்.

"சார், இதைப் பாருங்க..."

ஏட்டு இறக்கையைத் தாங்கும் கம்பியைத் தூக்கிக் காட்டினார். முக்கால்வாசி அரத்தால் அறுக்கப்பட்டிருந்தது. மீதி காற்றில் பிய்ந்திருந்தது.

கொலை!

"பார்த்தீங்களா? டிசைன்ல தப்பில்ல," என்றார் விஞ்ஞானி. மச்சானைப் பறிகொடுத்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "குறி எனக்கு வெச்சது சார். பாவம், இவன் மாட்டிக்கிட்டான்."

"யார் வெச்சது?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தம்பியின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தும்பியின் இறக்கைத் துணியைத் தைத்தவள் அவள்தான். ஷெட்டில் இருந்த அவளுடைய தையல் பெட்டியை ஏட்டு கவிழ்த்தார். ஊசி, நூல்கண்டு, கத்தரி... அடியில் ஓர் அரம். பல்லெல்லாம் கம்பித் தூள்.

"தினம் சண்டைதான் சார்," என்றார் விஞ்ஞானி சோகமாக.

"என் தம்பியை நான் கொல்லுவேனா?"

"அவனைக் கொல்ல நினைக்கல. என்னைக் கொல்லத்தான் நினைச்சே."

ஏட்டு விலங்கைத் தேடினார். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே தடுத்துவிட்டு, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டார்.

தும்பி மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் போகும் என்று விளம்பரம். அறுபதைத் தாண்டாது என்று தம்பி கண்டுபிடித்துவிட்டானாம். கம்பெனி ஆட்கள் வந்ததும் சொல்லிவிடுவேன் என்று சாப்பிடும்போது சொன்னானாம்.

"அதுக்கு இவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார் சார். கல்யாணமானதுலேர்ந்து இவர் சிரிச்சு நான் பார்த்ததில்ல."

இன்ஸ்பெக்டர் தும்பியை ஒரு சுற்று சுற்றினார். போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய சிவப்புக் கோடு.

"இது என்ன? பொட்டா?"

"பெயிண்ட் சார். போல்ட்டை முறுக்கினதும் கோடு போட்டுடுவேன். எவனாவது திருப்பினா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்." சட்டைப் பையிலிருந்த குட்டி பாட்டிலைப் பெருமையோடு தட்டினார். "இது ராத்திரி பகல் என்கிட்டயேதான் இருக்கும். என்னைத் தவிர ஒருத்தர் ஸ்பேனர் தொட முடியாது."

இன்ஸ்பெக்டர் ஏட்டின் பக்கம் திரும்பி, நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"கம்பியை அறுத்ததே வேஸ்ட்யா. குண்டு ஆளுக்குச் செஞ்ச டப்பா. ஒல்லி ஆள் ஏறினா மூக்கைத் தூக்கிட்டு தானாவே கவுந்திருக்கும்."

விஞ்ஞானியின் காது சிவந்தது.

"யாரைப் பார்த்து டப்பாங்கறீங்க? ஆள் எடை குறைஞ்சா சீட்டை முன் ஓட்டைக்குத் தள்ளிப் போடணும் சார். அப்ப பேலன்ஸ் தராசு மாதிரி நிக்கும். போய்ப் பாருங்க, முன் ஓட்டையிலதான் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இருந்தது.

"அட, ஆமா. போல்ட்ல சிவப்புக் கோடு கூட உடையல."

"எப்படி உடையும்? நானே முறுக்கி, நானே..."

சட்டைப் பையிலிருந்த பாட்டிலைக் கை தானாக மூடிக்கொண்டது.

"சொல்லாம எடுத்துட்டுப் போனவருக்கு, அளவா சீட்டைத் தள்ளி, கோடும் போட்டுக் கொடுத்திருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கம்பியை அறுத்தாச்சு, அரத்தைப் பெண்டாட்டி பெட்டியில போட்டாச்சு. சாகப் போறவனுக்கு சீட் எங்க இருந்தா என்னய்யா?"

விஞ்ஞானி மச்சானைப் பார்க்கவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. தும்பியைத்தான் பார்த்தார்.

"தள்ளலேன்னா கிளம்பும்போதே விழுந்திருக்கும் சார். என் டிசைனைப் பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அவள் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஏட்டு ஒதுங்கி வழிவிட்டார். அவள் அடிக்கவில்லை.

"தம்பி சொன்னது சரிதான்," என்றாள். "அது அறுபதுக்கு மேல போகாது."

அதற்குத்தான் விஞ்ஞானி முதல்முறையாக நிஜமாக அழுதார்.

ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் உட்கார்ந்த பக்கம் வண்டி இறங்கியது. ஏட்டு பின்னாலிருந்து பணிவாகச் சொன்னார்.

"சார், கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க. வேணும்னா கோடு போட்டுத் தரேன்."