பக்கத்துக் காம்பரா

சுவரில் இரண்டு தட்டு கேட்டது. தேநீர் வடித்துக்கொண்டிருந்த சுதர்ஷினி பழக்கத்தில் திருப்பி இரண்டு தட்டினாள். வடிகட்டியைக் கழுவும்போதுதான் உறைத்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் வீடே இல்லை.

ஒற்றையறைக் காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற தோட்டத்து லயத்தில் இருந்தவரை சரி. பக்கத்துக் காம்பராவிலிருந்து இரண்டு தட்டு வந்தால், ‘வரட்டுமா?’ திருப்பித் தட்டினால், ‘வா.’ ஆனால் இது தனி வீடு. தை மாதம்தான் குடிவந்தார்கள். வெளியே தேயிலைச் சரிவும் பனிமூட்டமும்தான்.

“இங்க பாருங்க, செவுத்துல யாரோ தட்டுனாங்க.”

கணவன் லோஜன் ஜாக்கெட்டை மாட்டியபடி சிரித்தான். “ஹட்டனுக்கு வகுப்புக்குப் போனதிலேருந்து செவுரும் ஒன்கிட்ட பேசுதா? பாப்பாவுக்குப் பால்மா வாங்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க.”

மாலை உளவியல் வகுப்பில் ரத்னா மிஸ் சொல்லியிருந்தார்: மனசும் ஒரு வீடுதான், முன்னறையை அழகாக்க அழகாக்க, பிடிக்காததையெல்லாம் பின்னறையில் தள்ளிப் பூட்டுகிறோம்.

“பூட்டுனது வெளிய வருமா மிஸ்?”

“கூப்பிட்டா வரும்.”

சுதர்ஷினி அப்படித் தள்ளிப் பூட்டியது பழைய லயத்துக் காம்பராவைத்தான். விறகுப்புகை குடித்துக் கறுத்த சுவர். சிநேகிதிகளை உள்ளே அழைக்கக் கூசவைத்த சுவர். அதனால்தான் இங்கே தேடித் தேடி வெளிர் மஞ்சள் பூசினாள்.

அப்படியானால் சத்தம் தனக்குள்தான். இல்லை, சரியாகக் கேட்கவில்லையோ? சோதித்துவிடலாமென்று உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினாள்; ஈரக் குளிர், மேலும் குளிர், பிறகு மகள் தனுஜா தூங்கும் அறையை நெருங்க நெருங்க இளஞ்சூடு, அதோடு கேஸ் அடுப்பு மட்டுமே எரியும் வீட்டில் மண்ணெண்ணெயும் ஈரவிறகும் புகையும் வாடை. கையை எடுத்தாள். கரி.

கரண்ட் போனது.

இரண்டு தட்டு.

பதில் தட்டக்கூடாது. முதலில் தெரியாமல் தட்டிவிட்டாள். இனி மாட்டாள். கூப்பிடாத வீட்டுக்குள் அது வராது. கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

மறுபடி இரண்டு.

பொறுத்தாள்.

குழந்தையின் அறையிலிருந்து பதில் போனது. மெல்ல. சின்னக் கையால். இரண்டு.

ஓடினாள். போன் வெளிச்சம். கட்டிலில் நின்றிருந்தாள் தனுஜா. முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, வா சொன்னேன்.”

வெளிர் மஞ்சள் சுவரிலிருந்து கரிபடிந்த விரல்கள் வெளிவந்து, குழந்தையின் மணிக்கட்டின்மேல் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.