நம் ஆள்

காலை ஒன்பது மணிக்கு ஆட்டக்களம் என்ற இணையத் தளத்தில் வெளியான பதினாறு ஆட்டங்களில் பதின்மூன்று, பகல் இரண்டு மணிக்குள் செத்துவிட்டன. உயிரோடிருந்த மூன்றில் ஒன்று செங்கமலத்தினுடையது.

செத்துவிட்டது என்றால், விடைப்பொறி அதற்கு விடை கண்டுவிட்டது என்று பொருள். யார் புதிய பலகையாட்டம் ஒன்றை ஏற்றினாலும் அந்தப் பொறி அதை உடனே கையில் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் தவறே செய்யாமல் ஆடினால் முடிவு என்ன என்று கணக்கிடும். கணக்கு முடிந்ததும் பலகையின் மேல் ஒரு சிவப்பு வரி விழும்: 'முதலில் ஆடுபவர் வெல்வார், நாற்பத்தொரு நகர்வு.' அதன்பின் அந்த ஆட்டத்தை யாரும் சீந்துவதில்லை. சதுரங்கம் அப்படித்தான் போயிற்று. ஆகவே நாட்டுக்குத் தினமும் புது ஆட்டம் தேவைப்பட்டது. தேநீர்க் கடையிலும் மருத்துவமனை வரிசையிலும் ஓடும் பேருந்திலும் ஜனங்கள் ஒளியேட்டை மடியில் வைத்து அன்றைய ஆட்டத்தை ஆடினார்கள். மாலையில் சிவப்பு வரி விழுந்ததும் மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஆட்டம் படைக்கப் பெரிய படிப்பு வேண்டாம். விதிகளைத் தமிழில் வரிசையாக எழுதினால் போதும்; ஆட்டக்களம் அவற்றைப் படித்துப் பலகையும் காய்களும் செய்துகொள்ளும். ஆனால் ஒருவருக்கு ஆயுளில் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் அனுமதி. ஏழாம் நாள் மாலை ஆறு மணி வரை சாகாமலிருந்தால் அது நிலையேட்டில் ஏறும். படைத்தவர் பெயரோடு, அழிக்க முடியாதபடி. தமிழில் அதுவரை ஒன்பது பெயர்கள்தான் ஏறியிருந்தன.

செங்கமலத்துக்கு நாற்பத்தாறு வயது. தூத்துக்குடி சாலையில் ஒரு சிறு நகரத்தின் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது புறப்பட்டது என்று குறிப்பதும், ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள் வேலை. அவளுடைய பதினோரு ஆட்டங்கள் செத்திருந்தன. அதிகபட்சம் தாங்கியது இரண்டு நாள் நாலு மணி நேரம். இது பன்னிரண்டாவது. இதுவும் போய்விட்டால் இனி ஒன்றும் இல்லை.

ஆட்டத்தின் பெயர் 'சந்து'. நான்கே விதிகள்.

ஒன்று: ஏழுக்கு ஏழு கட்டம், ஒருவருக்கு நாலு ஆள், இருவருக்கும் பொதுவாக இருபது கல்.
இரண்டு: ஒரு முறைக்கு ஓர் ஆளை ஒரு கட்டம் நகர்த்தி, ஒரு கல்லை வைக்க வேண்டும். இருபது கல்லும் தீர்ந்தால் ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.
மூன்று: ஒருமுறை வந்த நிலை மறுபடி வரக்கூடாது.
நான்கு: நம் ஆள் ஒருவர் நாலு பக்கமும் அடைபட்டாலோ, ஆட்டத்தைப் பாதியில் விட்டாலோ நமக்குத் தோல்வி.

இரண்டாம் நாள் மதியம் கரூரிலிருந்து இளவழுதி அழைத்தார். பல் மருத்துவர். ஒன்பது வருடமாக அவள் ஆட்டங்களை முதலில் ஆடிப் பார்ப்பவர். நேரில் பார்த்ததில்லை.

"ஏனுங்க டைம்கீப்பரம்மா, இன்னும் சாகலீங்களே! என்ன வெச்சுச் செஞ்சீங்க?"

"நானும் அதான் டாக்டர் யோசிக்கேன். முந்தாநாள் நாம ஆடுனப்ப அறுபது நகர்த்தல்ல முடிஞ்சு போச்சே. பொறிக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?"

"நாம ஆடுனது காகிதத்துல கோடு போட்டுங்க. களத்துல வேற மாதிரி ஆடுது. இப்பத்தான் என் ஆள் ஒருத்தன் உங்க ஊர்க்காரர் ஒருத்தரோட ஆளை அடைச்சான். ஜெயிச்சுட்டேன்னு பாத்தா, ரெண்டு பேருக்கும் தோல்வின்னு வருது!"

செங்கமலம் விதிகளை எடுத்துப் படித்தாள். மூன்று தடவை படித்தும் பிழை தெரியவில்லை.

"நாலாவது விதிங்க," என்றார் அவர். "'நம் ஆள்'னு எழுதியிருக்கறீங்க."

"ஆமா. நம்ம ஆளு அடைபட்டா நமக்குத் தோல்வி. வேறென்ன எழுதுறது?"

"நம்மன்னா யாருங்க? நீங்களா, நானா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஊரில் தன் வீட்டை 'நம்ம வீடு' என்பார்கள், தன் புருஷனையும் 'நம்ம வீட்டுக்காரர்' என்றே சொல்வார்கள். கேட்பவர் யாரும் அதில் பங்கு கேட்பதில்லை. ஆட்டக்களமோ இலக்கணம் மட்டும் படித்தது. 'நம்' என்றால் பேசுபவரும் கேட்பவரும் சேர்த்தி. யாருடைய ஆள் அடைபட்டாலும் தோல்வி இருவருக்கும்.

விடைப்பொறி தடுமாறியதும் அங்கேதான். எதிரே இருப்பவன் எனக்குக் கெடுதல்தான் நினைப்பான் என்ற ஒன்றை நம்பித்தான் அது எல்லாக் கணக்கையும் போட்டது. இங்கே எதிராளிக்கும் அதே தோல்வி. எதிரே எதிரியே இல்லை. பலகையின் மேல் சிவப்பு வரிக்குப் பதில் ஒரு சாம்பல் வரி மட்டும் மின்னியது: 'யார் வெல்ல வேண்டும்?'

"தன் ஆள்னு திருத்திப் போடட்டுமா டாக்டர்?"

"போட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள செத்துரும். பன்னெண்டாவதுங்க. பேசாம இருங்க."

அவள் பேசாமல் இருந்தாள்.

ஜனங்கள் வெற்றியைத் தேடுவதை விட்டுவிட்டு நகர்வுகளை எண்ண ஆரம்பித்தார்கள். கற்கள் நெருங்க நெருங்க, என் ஆளுக்கு வழிவிட நீ கல்லை எடுப்பாயா, உன் ஆளுக்கு நான் எடுக்கட்டுமா என்று ஆடுவதில் இதுவரை எந்த ஆட்டத்திலும் கிடைக்காத ஒரு சுகம் இருந்தது. முந்நூறு நகர்வு, எண்ணூறு நகர்வு என்று ஊருக்கு ஊர் பேச்சு. தோற்றவர் யாருமில்லை. நாலாம் நாள், இரண்டரை லட்சம் பேர். ஆறாம் நாள், ஐந்து லட்சம்.

ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்குச் 'சந்து' நிலையேட்டில் ஏற வேண்டும். ஐந்து மணிக்குச் செங்கமலம் தன் பதிவேட்டைப் பார்த்தாள். நாலேகால் சாத்தூர் வண்டிக்கு எதிரே புறப்பட்ட நேரம் காலியாக இருந்தது. நாலரை மணி மதுரை வண்டிக்கும் அப்படியே. ஒலிபெருக்கியில் இரண்டு தடவை அறிவித்துவிட்டு, இறங்கி நடந்தாள்.

சாத்தூர் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் சிக்கந்தர் ஒளியேட்டின் மேல் குனிந்திருந்தான்.

"ஏன்டா சிக்கந்தரு, மைக்குல கத்துறேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா. இந்தா ஒரே நிமிசம். காங்கேயத்துல ஒரு அம்மா. தொள்ளாயிரத்து முப்பது நகர்த்தலு போயிருச்சு."

"விட்டுட்டு எந்திரி."

"நான் எந்திரிச்சா அந்தம்மாவும்ல தோக்கும்! வயசான மனுசி. என் ஆளுக்கு வழிவிடுறதுக்குன்னு தன் பக்கத்துக் கல்லையே எடுத்துக் குடுத்துச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிக்கா விட்டுட்டுப் போறது?"

"அவுகளை விடச் சொல்லு."

"அதையும் கேட்டாச்சு. தம்பி, நீங்க இருக்கையில நான் எப்படிப் போறதுங்குது."

செங்கமலம் பயணிகள் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கத்தான் திரும்பினாள். வண்டி நிறைந்திருந்தது. பைகள் மடியில், கூடைகள் காலடியில். ஐம்பத்திரண்டு பேரும் ஒளியேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. மற்ற ஆட்டங்கள் மாலையில் செத்து ஜனங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தன. இது சாகாது, அனுப்பவும் செய்யாது. ஆறு மணிக்கு மேல் இதை யாராலும் அழிக்கவும் முடியாது.

அறைக்குத் திரும்பி ஒளியேட்டைத் திறந்தாள். அவளும் இளவழுதியும் ஆயிரத்து நூற்று நாற்பது நகர்வில் இருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு, படைத்தவருக்கான பக்கத்துக்குப் போனாள். அங்கே 'ஆட்டத்தைத் திரும்பப் பெறு' என்று ஒரு பொத்தான். பத்தாவது பெயராக ஏற வேண்டிய தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது வருடத்து ஆசை. ஐந்து நாற்பதுக்குப் பொத்தானை அழுத்தினாள்.

ஆட்டக்களம் பதில் எழுதியது.

'இந்த ஆட்டத்தைத் திரும்பப் பெற்றால் நடந்துகொண்டிருக்கும் எல்லா ஆட்டங்களும் பாதியில் விடப்பட்டவையாகும். நான்காம் விதிப்படி தோல்வி நமக்கு. ஆகவே நம் சம்மதம் தேவை. நாம்: ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பது பேர். எல்லோரிடமும் கேட்கப்படுகிறது.'

அடுத்த நொடி அவள் பலகையின் நடுவிலும் அந்தக் கேள்வி வந்து நின்றது. 'முடித்துக்கொள்ளலாமா?' கீழே 'சரி' என்று ஒரே பொத்தான். அதன் அடியில் சிறிய எழுத்தில்: 'முதலில் சரி சொன்னவர் யார் என்பது எதிரில் இருப்பவருக்குக் காட்டப்படும்.'

சன்னல் வழியே பார்த்தாள். சாத்தூர் வண்டியில் ஐம்பத்திரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்துகொண்டன. சம்மதித்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

அவள் கரூருக்கு அழைத்தாள்.

"டாக்டர், கேள்வி வந்துச்சா? சரின்னு அமுக்குங்க."

"நீங்க அமுக்குங்க. உங்க ஆட்டமுங்க."

"உங்களுக்கு அங்க பேஷண்டு வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அவரும் ஆடிட்டுத்தானுங்க இருக்கறாரு. நான் முதல்ல சொன்னா, ஒம்போது வருசப் பழக்கத்தை இவன் வெட்டிவிட்டான்னு நீங்க நெனைக்க மாட்டீங்களா?"

"நான் அப்படியெல்லாம் நெனைக்கிற ஆளா?"

"அப்பறம் நீங்களே முதல்ல சொல்லலாமுங்களே."

செங்கமலம் 'சரி'யின் மேல் விரலைக் கொண்டுபோனாள். ஆயிரத்து நூற்று நாற்பது நகர்வில் எத்தனையோ தடவை அவர் தனக்காக வழிவிட்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. விரல் அங்கேயே நின்றது.

"இல்ல டாக்டர், நீங்க முதல்ல."

"சேச்சே. நீங்கதானுங்க முதல்ல."

சுவரில் மணி ஆறானது. நிலையேட்டில் பத்தாவது பெயர் ஏறியதாக ஒளியேட்டின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதைத் திறந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. இளவழுதி ஒரு கல்லை எடுத்து வைத்திருந்தார். அவள் ஆளுக்குத்தான் வழி. அடுத்த முறை அவளுடையது.