ஐந்து பாட்டில் தண்ணீர்

பொழிச்சலூரின் மொட்டை மாடிகளை உரசுவதுபோல் தாழப் பறந்த விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கி, அதன் இரைச்சல் முழுக்க அடங்கிய பிறகுதான் துரைராஜுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம். எண்ணெய் காணாத இரும்பு, கயிறு இறங்க இறங்க மெல்ல முனகி, வாளி தண்ணீரைத் தொட்டதும் ஒரு கணம் நின்று, பிறகு கனத்தோடு மேலேறியது. சத்தம் வாசல் பக்கம், தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் சிமெண்ட் மூடிக்கு அடியிலிருந்து வந்தது.

அவர் வீட்டில் கிணறு கிடையாது. இருந்ததை மூடி எட்டு வருஷமாகிறது. சம்ப்பில் இருப்பது லாரித் தண்ணீர். அதை மோட்டார்தான் இறைக்கும்.

மூடியை நகர்த்திக் குனிந்து பார்த்தார். ஆறடி ஆழத்தில் சிமெண்ட் தரை, அதன்மேல் அசையாத தண்ணீர், அதில் அவர் முகம். வேறொன்றுமில்லை. ஆனால் வாசனை இருந்தது. ஊறிய தோலும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. பம்மல் பக்கத்திலிருந்து காற்றடித்தால் தோல் கம்பெனிகளின் அந்த வாடை ஊருக்கே வரும். இன்று மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"இன்னாங்க அங்க பாத்துகினு நிக்கறீங்க?" மனைவி பச்சையம்மா ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சாமுண்டிக்கு இந்தத் தண்ணிதான குடுக்கற?"

"பின்ன, புள்ளத்தாச்சிக்குத் தெருக் கெணத்துத் தண்ணியா குடுப்பேன்?"

உள்ளேயிருந்து மகள் சாமுண்டீஸ்வரி சிரித்தாள். "அப்பாவுக்கு என்னவிட சம்ப்பு மேலதாம்மா பாசம்."

அவளுக்கு எட்டாவது மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை.

துரைராஜ் மூடியைத் திரும்ப இழுத்து வைத்தார். அவர் நினைக்காமல் தள்ளிவைத்திருந்த ஒரு மத்தியான வெயில் கண்முன் வந்து நின்றது.

போன சித்திரை மாதம். தோல் கம்பெனிக் கழிவால் பின்தெருக் கிணறுகள் மஞ்சளாகின்றன என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். தண்ணீர் மாதிரி எடுக்க வந்த அரசாங்க ஆள், பின்தெருவுக்கு வழி கேட்டு இவர் வீட்டில் நுழைந்து, ஐந்து கண்ணாடி பாட்டில்களை மேஜைமேல் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்த வெயிலில் ஐந்து கிணறு அலைய வேண்டுமா என்று அலுத்துக்கொண்டார். துரைராஜ் அவரை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நான் மொண்டுகினு வர்றேன் சார், நீங்க உக்காருங்க." பின்னால் இருந்த தன் நெல் வயலை அப்போதுதான் வீட்டு மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார். தண்ணீர் கெட்ட ஊர் என்று எழுதிவிட்டால் அங்கே யார் வீடு கட்ட வருவார்கள்? பின்தெரு வரை அவர் போகவே இல்லை. சம்ப்பில் மக்கை விட்டு ஐந்து பாட்டிலையும் நிரப்பினார். ஒட்ட வேண்டிய சீட்டுகளில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். கன்னியம்மா கிணறு. தாவீது கிணறு. இன்னும் மூன்று.

குடிக்க உகந்த நீர் என்று முடிவு வந்தது. அதை அவரே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார். அதுவரை அடுத்த ஊர் வரை போய்க் குடம் சுமந்தவர்கள், அதைப் படித்துவிட்டுச் சொந்தக் கிணற்றுக்கே திரும்பினார்கள்.

ஆடியில் கன்னியம்மாவின் ஒரே மகள் பேபி செத்துப்போனாள். சாமுண்டியின் வயது. முகமும் காலும் வீங்கி, சிறுநீரகம் செயலிழந்து, ஐந்து மாத வயிற்றோடு போனாள். ஏழாம் நாள் கன்னியம்மா இந்த வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நெசத்த சொல்லு. எங்க கெணத்துலதான் மொண்டியா?"

"இன்னா கன்னியம்மா இப்டி கேட்டுட்ட? எம்பொண்ணு குடிக்கிற தண்ணியும் உங்க தண்ணியும் ஒண்ணுதான். அவ வயித்து மேல சத்தியம்."

கன்னியம்மா அழவில்லை.

"சரிண்ணா. ஒண்ணாவே இருக்கட்டும்."

ராட்டினச் சத்தம் கேட்டதற்கு மறுநாள் காலை சாமுண்டி குடித்துவிட்டு வைத்த டம்ளரின் உட்புறத்தில், பால் காய்ந்ததுபோல ஒரு மஞ்சள் வளையம் இருந்தது. துரைராஜ் அதை விரலால் தேய்த்தார். போகவில்லை. சம்ப்பை இறைத்து, தானே உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூலை மூலையாகத் தேய்த்தார். புது லாரி வரவழைத்தார். டிரைவர் சுந்தர்சிங் பைப்பிலிருந்து ஒரு கை பிடித்துக் குடித்துக் காட்டினான். "எளநி மாதிரி கீது சார். இன்னா சந்தேகம் உங்களுக்கு?"

பைப்பிலிருந்து தெளிவாகத்தான் விழுந்தது. தரையைத் தொட்டதும் மஞ்சளானது. அவர் கண்ணெதிரே, அவர் தேய்த்து வெளுத்த அதே சிமெண்ட் தரையில்.

சுந்தர்சிங் குனிந்து பார்த்தான். "சுத்தமாத்தான சார் கீது?" என்றான்.

சாமுண்டியை உடனே செங்கல்பட்டுக்கு, அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். பச்சையம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வளகாப்பு போட்டுக் கூட்டியாந்த பொண்ணத் திருப்பி அனுப்புவாங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

பல்லாவரம் போய் இரண்டு கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். சாமுண்டி ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"சப்புனு இருக்குப்பா. சம்ப்புத் தண்ணிதான் இனிக்குது."

அவள் பற்களின் ஓரம் மஞ்சளாக இருந்தது.

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், அவர் பின்தெருவுக்கு நடந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. காலில் விழுந்தாவது அந்தச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. மேகம் இறங்கியிருந்தது. ரேஷன் கடைச் சுவரில் அவர் ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. இரண்டு மழை பார்த்தும் எழுத்து கலையவில்லை.

கன்னியம்மா கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அதே ராட்டினம். அதே முனகல்.

அவர் எட்டிப் பார்த்தார். இருபதடிக்குக் கீழே தண்ணீர் பளிங்குபோல இருந்தது. அடி தெரிந்தது. அடியில் கிணற்றின் வளைய உறைகளோ சேறோ இல்லை. சதுரமான சிமெண்ட் தரை. அதில் அவர் சம்ப்பில் தேய்த்த துடைப்பத்தின் கோடுகள்.

"வாண்ணா," என்றாள் கன்னியம்மா. "அஞ்சு கெணறும் இப்டித்தான் கீது. நீ எழுதிக் குடுத்த மாதிரியே. உன் தண்ணி நல்லாத்தான் கீது." வாளியைச் சுவரில் வைத்தாள். "குடிக்கத்தான் பேபி இல்ல."

"கன்னியம்மா, நான் அன்னிக்கு..."

"போண்ணா. வூட்ல ஒம்பொண்ணு தாகமா இருப்பா."

ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. தெருவில் கரண்ட் போயிருந்தது. தோல் வாடை வீட்டு வாசலிலேயே மூக்கில் ஏறியது.

சம்ப்பு திறந்து கிடந்தது.

விளிம்பில் சாமுண்டி உட்கார்ந்திருந்தாள். காலை உள்ளே தொங்கவிட்டபடி. மக்கை இரு கையாலும் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். வாய் ஓரத்தில் மஞ்சள் வழிந்தது. முகம் வீங்கிக் கண்கள் சிறுத்திருந்தன.

"சாமுண்டி! கீழ போடு அத!"

"ஏம்பா கத்தற?" மெதுவாகச் சிரித்தாள். "பேபி மொண்டு மொண்டு குடுக்குதுப்பா."

அவர் உள்ளே பார்த்தார். தரை இல்லை. வட்ட வட்டமாக உறைகள், ஈரமாக, இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே போயின. ஒரு வீங்கிய கை விளிம்புக்குக் கீழே நழுவி மறைந்தது.

மக்கைத் தட்டிவிட்டார். மகளை இழுத்து மார்போடு அணைத்தார். கை வயிற்றில் பட்டது.

குளிர்ந்திருந்தது. வழவழப்பாக. சுண்ணாம்பில் ஊறிய தோல்போல.

சத்தம் கேட்டது. சம்ப்பிலிருந்து அல்ல.

அவர் உள்ளங்கைக்கு அடியில், மெல்ல முனகியபடி ராட்டினம் சுற்றியது. கயிறு இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நின்றது.

பிறகு கனத்தோடு, எதையோ மேலே தூக்கத் தொடங்கியது.